கையால் செய்த வாழ்த்து அட்டைக்கு என்ன விலை?

"அட, இது கையால செஞ்சதா? ரொம்ப அழகா இருக்கே! எவ்வளவு?" என்று ஆசையாகக் கேட்பார்கள். விலையைச் சொன்னதும், "ஒரு அட்டைக்கா இவ்வளவு?" என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கையால் வாழ்த்து அட்டை செய்கிறவர்களுக்குப் பழகிப்போன உரையாடல் இது. இதில் வாங்க வந்தவரைத் திட்டிப் பயனில்லை. அந்த அட்டையின் விலை என்னவென்று பல சமயம் செய்தவருக்கே தெரியாது என்பதுதான் நிஜமான பிரச்சனை.

பேப்பர் 5 ரூபாய், கவர் 5 ரூபாய், ரிப்பன், கோந்து, வண்ணம் எல்லாம் சேர்த்து 10 ரூபாய், ஆக 20 ரூபாய் செலவு, 60 ரூபாய்க்கு விற்றால் 40 ரூபாய் லாபம் என்று மனக்கணக்குப் போட்டு முடித்துவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் ஒரு ஆள் காணாமல் போயிருக்கிறார். அட்டையைச் செய்தவர்!

முதலில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். ரப்பர் ஸ்டாம்ப் என்றதும் ஆபீஸ் சீல்தான் ஞாபகம் வரும். அதே சங்கதிதான், ஆனால் எழுத்துக்குப் பதிலாகப் பூ, பறவை, குழந்தை என்று கோட்டுப் படம் இருக்கும். மையில் ஒற்றி, வழவழப்பான கெட்டி அட்டையில் பதித்தால் கோடு மட்டும் விழும். அதற்குள் வாட்டர் கலரோ, கலர் பென்சிலோ, மார்க்கரோ கொண்டு கையால் வண்ணம் தீட்ட வேண்டும். காய்ந்த பிறகு கத்தரித்து, மடித்த அட்டையின் முகப்பில் ஒட்ட வேண்டும். அதே படத்தை ஒரு சின்னப் பெட்டியின் மூடியில் ஒட்டினால் கிஃப்ட் பாக்ஸ் தயார்.

சொல்வதற்குச் சுலபம். செய்கிறபோதுதான் சிக்கல் தெரியும். வாட்டர் கலர் தீட்டுவதென்றால் தண்ணீரில் கரையாத மையில் பதிக்க வேண்டும். ஆல்கஹால் மார்க்கர் என்றால் ஆல்கஹாலுக்குக் கரையாத மை வேண்டும். ஆபீஸ் சீல் பேடில் ஒற்றிவிட்டு மேலே ஈரத் தூரிகையை வைத்தால் பூவும் கிளியும் சேர்ந்து நீலக் குழம்பாகிவிடும். சொரசொரப்பான கையால் செய்த காகிதம் பார்க்க அழகு, ஆனால் மெல்லிய கோடுகள் அதில் விட்டுவிட்டு விழும். அதனால் படத்தை வழவழப்பான அட்டையில் பதித்து, அதைக் கையால் செய்த காகிதத்தின் மேல் ஒட்டுவார்கள். பத்து அட்டைக்கு ஒன்றாவது வீணாகும்.

"ஸ்டாம்ப் குத்துறதெல்லாம் ஒரு கைவேலையா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய கதை. 1843ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஒன்றை வெளியிட்டார். வியாபாரமாக அச்சிட்டு விற்ற முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று சொல்லப்படுவது அதுதான். ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்த படத்தை லித்தோவில் அச்சடித்து, ஒவ்வொரு அட்டைக்கும் கையால் வண்ணம் பூசினார்கள். கோடு அச்சு, வண்ணம் கை. அதாவது இன்றைக்கு ஸ்டாம்ப் அட்டை செய்கிறவர்கள் செய்யும் அதே வேலை!

அதன் விலை ஒரு ஷில்லிங். 1840 முதல் இங்கிலாந்தில் ஒரு சாதாரணக் கடிதம் அனுப்ப ஒரு பென்னி போதும். ஒரு ஷில்லிங் என்பது 12 பென்னி. தபால் செலவைப் போல 12 மடங்கு விலை. கை பட்ட பொருள் அன்றைக்கும் மலிவாக இருந்ததில்லை. பிறகு கல் அச்சிலேயே பல வண்ணம் அடிக்கும் முறை பரவியது. 1870களில் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து லூயிஸ் பிராங் போன்றவர்கள் வண்ண அட்டைகளை அச்சடித்துக் குவித்தார்கள். விலைப் போட்டியில் கை தோற்றது. இனிமேலும் தோற்கும். அந்தப் போட்டிக்கே போகாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

தமிழ்நாட்டில் அந்த அச்சு அட்டைக்கும் ஒரு பொற்காலம் இருந்தது. மார்கழி பிறந்தால் போதும், பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்து தொங்கவிடுவார்கள். கரும்பும் பானையும், முருகனும் லட்சுமியும், எம்ஜிஆரும் சிவாஜியும், பிறகு ரஜினியும் கமலும். சிவகாசி அச்சகங்களுக்கு அது ஒரு சீசன். தபால்காரர் கட்டுக்கட்டாகச் சுமந்தார். வாழ்த்துத் தந்தி கூட இருந்தது. வாசகத்துக்கு ஒரு எண், அந்த எண்ணைச் சொன்னால் வாழ்த்து போய்விடும். அந்தத் தந்தியும் 2013 ஜூலையில் நின்றுபோனது. எஸ்எம்எஸ் வந்தது, வாட்ஸ்அப் வந்தது. இப்போது ஒரே படத்தை 200 பேருக்கு ஒரு நொடியில் அனுப்பலாம், செலவும் கிடையாது.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. செய்தி சொல்வதற்கு இனி யாருக்கும் அட்டை தேவையில்லை. அப்படியும் ஒருவர் கையால் செய்த அட்டையைத் தேடி வாங்குகிறார் என்றால், தனக்காக இன்னொருவர் உட்கார்ந்து செலவழித்த நேரத்தை வாங்குகிறார். விற்கிற பொருளே நேரம் எனும்போது, அந்த நேரத்தைக் கணக்கில் எழுதாமல் விலை வைப்பது என்ன நியாயம்?

வாங்க, கணக்கைச் சரியாகவே போட்டுப் பார்க்கலாம். எண்கள் ஒரு உதாரணத்துக்குத்தான். உங்கள் செலவை நீங்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், முறை ஒன்றுதான்.

10 அட்டை செய்ய மூலப்பொருள் 200 ரூபாய். ஒரு அட்டைக்குப் பதிப்பது, தீட்டுவது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம், ஆக 10 மணி நேரம். ஒன்று வீண், மீதி 9. தலா 60 ரூபாய்க்கு விற்றால் 540. கடையில் வைத்து விற்றால் கடைக்காரருக்கு 30 சதவீதம், அதாவது 162 ரூபாய். கையில் வருவது 378. மூலப்பொருளைக் கழித்தால் 178. ஸ்டாம்ப், மார்க்கர், கட்டர், ஸ்கேல் என்று 3000 ரூபாய்க்கு வாங்கிய சாமான் 300 அட்டைக்கு உழைக்கும் என்றால், தேய்மானம் அட்டைக்கு 10 ரூபாய். அதையும் கழித்தால் மிச்சம் 78 ரூபாய்.

10 மணி நேர வேலைக்கு 78 ரூபாய்! மணிக்கு 8 ரூபாய் கூட இல்லை. 2025-26ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய். 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 42. மண் வெட்டினால் 42, மணிக்கணக்கில் கண் வலிக்க வண்ணம் தீட்டினால் 8 என்பது கைத்தொழில் ஆகாது. செய்கிறவர் தன் உழைப்பைத் தானமாகக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

இந்தத் தானத்துக்கு ஒரு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள்: "ஓய்வு நேரத்தில் சம்பாதிக்கலாம்". பெண்களுக்கான கைத்தொழில் பயிற்சி என்றால் இந்த வாசகம் இல்லாத நோட்டீஸ் அபூர்வம். யாருக்கு இருக்கிறது இந்த ஓய்வு நேரம்?

சேர்வராயன் மலையில் ஏற்காடு வட்டத்தில் இருக்கும் மஞ்சக்குட்டையையே எடுத்துக்கொள்ளலாம். காபித் தோட்டங்களும், நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களும், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும் நிறைந்த மலை அது. பகலெல்லாம் தோட்டத்தில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து உலை வைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்குப் பெயர் ஓய்வு நேரமா? அது அவருடைய தூக்கம். அதை விற்கச் சொன்னால் உரிய விலைக்கு விற்கச் சொல்ல வேண்டும்.

இந்த மலைக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. வாழ்த்து அட்டை விற்கும் காலம் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல். காபிப் பழம் பறிக்கும் காலமும் அதே நவம்பர் முதல் ஜனவரி வரை. தோட்டத்தில் கூலி கிடைக்கும் நாளில் யாரும் வண்ணம் தீட்டிக்கொண்டு உட்கார மாட்டார்கள், உட்காரவும் கூடாது. முன்கூட்டியே மழை மாதங்களில் செய்யலாம் என்றால் மூடுபனியும் ஈரமும் விடாது. அட்டை வளைந்துகொள்ளும், வண்ணம் காயாது, அடுக்கி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஆக, இங்கே செய்வதற்கு ஓரளவு ஏற்ற காலம் பிப்ரவரி முதல் மே வரைதான். மே மாதக் கோடை விழாவுக்கு வரும் கூட்டத்திடம் கொஞ்சம் விற்கலாம். மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி டிசம்பருக்கு வைக்கலாம். அப்படி ஏழெட்டு மாதம் சரக்கில் முடங்கும் பணத்தையும் விலையில் சேர்க்க வேண்டும். வெறுமனே "திறமை இருக்கு, செய்யுங்க" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

சரி, அப்படியானால் என்ன விலைதான் வைப்பது? மேலே சொன்ன கணக்கில் மணிக்கு 42 ரூபாய் கூலி கிடைக்க வேண்டுமானால் அட்டையை ஏறக்குறைய 115 ரூபாய்க்கு விற்க வேண்டும். "அது யார் வாங்குவார்கள்?" என்றால், வழி இருக்கிறது. நேரத்தைத் தின்பது வண்ணம் தீட்டும் வேலைதான். பத்து வண்ணத்தை மூன்றாகக் குறைத்து, பத்து அட்டைக்கும் ஒரே மூச்சில் பதித்து, ஒரே வண்ணத்தை வரிசையாகத் தீட்டினால் அட்டைக்கு அரை மணி நேரத்தில் முடிக்கலாம். அப்போது அதே கூலிக்கு விலை 81 ரூபாய் ஆகிறது. கூலியைக் குறைக்காமல் விலை குறைந்திருக்கிறது!

இன்னொரு வழி பெட்டி. ஏற்காட்டிலிருந்து இறங்குகிறவர்கள் காபித்தூளும் மிளகும் எப்படியும் வாங்கத்தான் போகிறார்கள். பிளாஸ்டிக் கவரில் போகும் அந்தத் தூளை ஒரு அழகான பெட்டியில் வைத்தால் அது பரிசு. 12 அங்குலச் சதுர அட்டையில் நாலு பக்கமும் 3 அங்குலம் விட்டு மடிப்புக் கோடு போட்டு, மூலையில் வெட்டி ஒட்டினால் 6 அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் உள்ள பெட்டி. மூடியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடாது. மூடியில் ஒரே ஒரு காபிக் கிளை, பழத்துக்கு மட்டும் சிவப்பு. வண்ண வேலை குறைவு, ஆனால் அது எந்த ஊர்ப் பெட்டி என்று பார்த்தவுடன் தெரியும்.

அந்தக் காபிக் கிளை ஸ்டாம்ப்பைச் சொந்தமாகச் செதுக்குவது நல்லது. கடையில் வாங்கும் ஸ்டாம்ப்பின் படம் யாரோ ஒரு ஓவியருடையது. கையால் பதித்து விற்பதற்குச் சில கம்பெனிகள் அனுமதி தருகின்றன. 'ஏஞ்சல் பாலிசி' என்று இதற்குப் பெயர். அதையே ஸ்கேன் செய்து பிரிண்ட் எடுத்து விற்க அவை பொதுவாக அனுமதிப்பதில்லை. வெண்டைக்காயை நறுக்கி மையில் தோய்த்துப் பூ அச்சு வைத்து விளையாடாத பிள்ளை உண்டா? அதிலிருந்து ஒரு படி மேலே போய் ரப்பரிலோ லினோலியத்திலோ ஒரு மிளகுச் சரத்தைச் செதுக்கினால், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

"கணக்குப் பார்த்தால் கலை வராது" என்று சிலர் சொல்வார்கள். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா லண்டனில் கணக்காளராகப் பயிற்சி பெற்றவர், அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தவர். அவர்தான் 1934ல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்தினார். அந்தச் சங்கம் கையில் எடுத்த தொழில்களில் கையால் காகிதம் செய்வதும் ஒன்று. கைத்தொழிலுக்குக் கணக்குத் தெரிந்தவர் எதிரி என்றால் குமரப்பாவை எங்கே வைப்பது? வாயாலும் காலாலும் ஓவியம் தீட்டும் கலைஞர்களின் சங்கம் உலகம் முழுக்க வாழ்த்து அட்டை விற்கிறது. அவர்கள் சொல்வதும் இதுதான்: இது சுய உதவி, தர்மம் அல்ல. பாவம் பார்த்து வாங்குகிறவர் ஒருமுறைதான் வாங்குவார். பொருளுக்காக வாங்குகிறவர்தான் திரும்பி வருவார்.

ஆகவே அட்டை செய்கிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. அட்டையின் பின்பக்கம் விலையோடு இன்னொரு வரியும் எழுதுங்கள்: "அச்சும் வண்ணமும் கையால். எடுத்த நேரம் 30 நிமிடம்." வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை "ஒரு அட்டைக்கா இவ்வளவு?" என்று கேட்கும் முன் அந்த வரியைப் படித்துவிட்டு, உங்களுடைய 30 நிமிடத்துக்கு என்ன கேட்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பேரம் பேசத் தோன்றினால், தாராளமாகப் பேசுங்கள் :-)