பாகனின் வீடு

எசல பெரஹரா பார்ப்பதற்காகக் கண்டி வீதியோரத்தில் பகல் முழுவதும் பாய் விரித்துக் காத்திருந்த அனுபவம் வாசகியர் பலருக்கு இருக்கும். இரவானதும் சவுக்கடிக்காரர்கள் வருவார்கள், தீப்பந்தம் வரும், மேளம் வரும். அப்புறம் மின்குமிழ் பூட்டிய அங்கியோடு யானை வரும். பிள்ளைகள் எழுந்து நின்று கத்துவார்கள். அந்த யானையின் காலோடு ஒட்டினாற்போல ஒருவர் நடந்து போவாரே, அவரை நாம் பார்த்திருக்கிறோமா? பத்து இரவும் நடந்து, பகலில் அந்த யானைக்குத் தீனி தேடி, அதற்குப் பக்கத்திலேயே படுத்துறங்கும் அந்த மனிதருக்கும் ஒரு வீடு உண்டு. அந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். இம்மாதம் நமது பக்கத்தில் அவர்களைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

குளிர்நாடுகளில் கலப்பை இழுக்கவும் மரம் இழுக்கவும் பெருத்த உடலுடைய பாரக் குதிரைகளை வளர்த்தார்கள். இங்கிலாந்தின் ‘ஷயர்’ குதிரையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். நமது மலைநாட்டில் அந்த வேலையைச் செய்தவை மாடுகளும் யானைகளும்தான். வெள்ளைக்காரர் குதிரைகளைக் கொண்டு வந்தார்கள். ஆனால் கண்டிச் சரிவுகளில் பெரிய மரத்தைக் காட்டிலிருந்து வெளியே இழுத்துவர யானையை விட்டால் வேறு வழியிருக்கவில்லை. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், தம்முடைய குதிரைக்காரரைப் பற்றி ஒரு கதை எழுதியிருக்கிறார். குதிரை வண்டியைப் பள்ளத்தில் விழுத்திய அந்த மனிதர், பிறகு ஒரு யானையின் மேல் ஏறி, அதைக் குதிரையென்று நினைத்து மலைப்பாதையில் ஓய்வின்றி விரட்டினாராம். யானை செத்துப்போனது. பேக்கர் இதைச் சிரிப்புக் கதையாக எழுதினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யானைக்கு அதன் பாதத்து ஓரங்களைத் தவிர உடம்பில் வியர்ப்பதில்லை. சூட்டைக் காதை விசிறியும் நீரில் நனைந்தும்தான் தணித்துக்கொள்ள வேண்டும். இதை அறியாதவர் கையில் அது எத்தனை பெரிய விலங்காயிருந்தும் பயனில்லை.

அறிந்தவர்கள் இங்கே பரம்பரையாக இருந்தார்கள். கண்டி அரசர் காலத்தில் யானைகளுக்கென்றே ‘குருவே’ எனும் தனிப்பிரிவு இருந்தது. கிழக்கிலே ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் பணிக்கர்கள் கயிற்றை மட்டும் வைத்துக்கொண்டு யானை பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். கூட்டமாக யானைகளை அடைத்துப் பிடிக்கும் கடைசி அடைப்பு 1950இல் பனாமுரையில் நடந்தது. அதன் பிறகு அந்த முறை நின்றது. 1975இல் தாயை இழந்த குட்டிகளுக்காகப் பின்னவலையில் யானைகள் சரணாலயம் தொடங்கப்பட்டது. கண்டியிலிருந்து கடுகண்ணாவை இறங்கி மாவனல்லை தாண்டிப் போனால் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அங்கே 1984இல் முதற்குட்டி பிறந்தது. 2021 ஒகஸ்டில் இரட்டைக் குட்டிகள் பிறந்த செய்தியைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். வேலை செய்யும் யானைகளோ குறைந்துகொண்டே வருகின்றன. 1970இல் எடுத்த கணக்கில் நாட்டில் வளர்ப்பு யானைகள் 532. 2021இல் சொல்லப்பட்ட தொகை ஏறத்தாழ 200. லொறியும் உழவு இயந்திரமும் வந்தபின் மரவேலை சுருங்கிவிட்டது. பெரஹரா மட்டும் சுருங்கவில்லை.

ஒரு பாகனின் நாள் எப்படிப் போகிறது என்று கேகாலைப் பக்கம் வேலையாகப் போயிருந்தபோது பார்த்தேன். விடியுமுன் எழுந்து முதலில் அவர் பார்ப்பது இலத்தியை. நாற்று நாறாக நீளமாகக் கிடந்தால் பல் சரியாக அரைக்கவில்லை என்று அர்த்தம். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பல் முளைக்கும். கடைசிப் பல்லும் தேய்ந்துவிட்டால் முன்னால் எவ்வளவு தீனி இருந்தாலும் வயிற்றுக்குப் போவது குறையும். அடுத்து பாதம். நகத்தைச் சுற்றி வெடிப்பு, உள்ளங்காலில் குத்திய முள், சங்கிலி உரசிய புண் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும். பாதத்தில் சீழ் பிடித்துவிட்டால் அந்தப் பாரத்தை அது எதில் தாங்கும்?

பிறகு தீனி. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ, சிலவேளை அதற்கும் மேலே பசுந்தீனி வேண்டும். கித்துள், தென்னோலை, பலாக் கொப்பு. இதை வெட்டி, கட்டி, இழுத்து வர வேண்டும். யானையே சுமந்து வருவதும் உண்டு. ஆனால் மரத்தில் ஏறி வெட்டுவது மனிதர்தான். கித்துள் மரத்தைக் கேட்டு வாங்க ஊர் ஊராகப் போக வேண்டும். முன்போல யாரும் சும்மா தருவதில்லை. அதன் பிறகு ஆற்றில் படுக்க வைத்துத் தேங்காய்ப் பொச்சால் உடம்பு முழுக்கத் தேய்க்கிறார்கள். இது அழகுக்காக அல்ல. தோலில் ஒட்டிய அழுக்கும் பூச்சியும் போக வேண்டும். அதோடு, பாகனின் கை தினமும் உடம்பெங்கும் படுவதால்தான் யானை அவரை நம்புகிறது.

பழக்குவது என்றால் அங்குசத்தால் குத்துவது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நல்ல பாகன் பெரும்பாலும் குரலால்தான் வேலை வாங்குகிறார். ‘தஹ’ என்றால் நட, ‘ஹோ’ என்றால் நில், ‘ஹிதா’ என்றால் படு. மேலே உட்கார்ந்திருக்கும்போது காதுக்குப் பின்னே கால்விரலால் அழுத்துவதும் ஒரு மொழி. புதிய குட்டியைப் பழகிய மூத்த யானையோடு சேர்த்துக் கட்டுவார்கள். அது மூத்ததைப் பார்த்துப் பார்த்தே பாதியைக் கற்றுவிடும். மரம் இழுக்கும்போது சங்கிலியில் பிணைத்த கயிற்றைக் கடைவாய்ப் பல்லில் கடித்துக்கொண்டு இழுப்பதை நான் அன்றுதான் கண்ணால் கண்டேன். கனம் தாங்காவிட்டால் அது வாயைத் திறந்து கயிற்றை விட்டுவிடலாம். கழுத்தில் பூட்டிய நுகத்தில் மாட்டுக்கு அந்த வசதி கிடையாது.

ஆண் யானைக்கு மதம் பிடிக்கும் காலம் வேறு கதை. கண்ணுக்கும் காதுக்கும் இடையே நீர் வடியத் தொடங்கினால், சில வாரங்களோ மாதங்களோ கட்டித்தான் வைக்க வேண்டும். தூரத்திலிருந்து தீனி தள்ள வேண்டும். தாம் வளர்த்த யானையே தம்மை அடையாளம் தெரியாததுபோல நடந்துகொள்ளும் காலம் அது. பாகன்கள் இறப்பதும் காயப்படுவதும் இக்காலத்தில் அதிகம்.

2019ஆம் ஆண்டு பெரஹராவில் நடந்த திக்கிரி எனும் எழுபது வயதுப் பெண் யானையின் படம் உலகெங்கும் பரவியது. பளபளக்கும் அங்கிக்குக் கீழே எலும்பும் தோலுமாக ஓர் உடம்பு. அவ்வாண்டு செப்டெம்பரில் அது இறந்தது. நாடு வெட்கப்பட்டது என்றே சொல்ல வேண்டும். 2021 ஒகஸ்டில் வளர்ப்பு யானைகளுக்கான புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. நாளொன்றுக்கு இரண்டரை மணிநேரம் நீராட்ட வேண்டும். மரவேலை நான்கு மணிநேரத்துக்கு மேல் கூடாது, இரவில் வேலை கூடாது. தாயையும் குட்டியையும் பிரிக்கக் கூடாது, குட்டிகளை ஊர்வலத்தில்கூட நடத்தக் கூடாது. ஆறு மாதத்துக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை. ஒவ்வொரு யானைக்கும் அடையாள அட்டை. மீறினால் யானையை அரசு எடுத்துக்கொள்ளும், மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வேலை நேரத்தில் பாகன் மது அருந்தவும் கூடாது. (இந்தக் கடைசி விதியை வேறு பல தொழில்களுக்கும் நீட்டலாமே என்று என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் சொன்னார்.)

நல்ல விதிகள். வாசித்தபோது மகிழ்ந்தேன். ஆனால் சமூகவியல் படித்த எனக்கு உடனே தோன்றியது வேறொரு கேள்வி. யானைக்கு நான்கு மணிநேர வேலை, இரண்டரை மணிநேரக் குளிப்பு. அந்தக் குளிப்பாட்டுகிறவருக்கு எத்தனை மணிநேர வேலை?

நான் சந்தித்த சகோதரி தோட்டமொன்றில் பிறந்தவர். பாகனைக் கலியாணம் செய்துகொண்டு அந்தப் பக்கம் வந்து பதினாறு வருடமாகிறது. பெயர் வேண்டாம் என்றார். “வெள்ளென நாலு மணிக்குப் போனா அந்தி சாஞ்சுதான் மிஸ் வருவாரு. சாப்பாட்டைக் கட்டிக்கிட்டு நான்தான் பின்னாலயே போவேன். பெரஹரா வந்தா ரெண்டு கிழமை வீட்டுப் பக்கமே இல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல்னாலும் வர ஏலாது. யானையை யார்கிட்ட விட்டுட்டு வாறது?” யானைக்கு வேலையில்லாத நாளில் தன் கணவருக்குக் கூலியும் இல்லை என்றார். மதகாலத்திலே பாதிக் கூலி. அக்காலத்தில்தான் ஆபத்தும் கூட. ஒருமுறை தும்பிக்கை வீசியதில் அவருடைய தோள்பட்டை முறிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்திருக்கிறார். அந்த மூன்று மாதமும் வீட்டை நடத்தியது இவர் இடியப்பம் அவித்துக் கடைக்குப் போட்ட காசு. உரிமையாளர் ஆஸ்பத்திரிக்கு வந்து பழம் கொடுத்துவிட்டுப் போனாராம்.

இவர் செய்யும் வேலையை நான் எண்ணிப் பார்த்தேன். அதிகாலைச் சமையல், சாப்பாட்டோடு நடை, யானையின் புண்ணுக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைப்பது, மழைக்காலத்தில் தீனி குறைந்தால் அயலாரிடம் வாழைத்தண்டு கேட்டு வாங்கி அடுக்குவது. எதற்கும் கூலி இல்லை. ‘நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று கேட்டதற்கு, “வீட்டுல சும்மாதான் மிஸ் இருக்கேன்” என்றார். மூத்த மகனைப் பாகனாக விடமாட்டேன் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். பல பாகன் வீடுகளில் இதே பேச்சுத்தான். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் இதனால் யானைக்கு வரும் ஆபத்தையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அனுபவமுள்ள பாகன் போய்விட்டால் கிடைத்த ஆளைப் பிடித்து நிறுத்துகிறார்கள். யானையின் உடம்பையும் மனத்தையும் அறியாத புதியவர் பயத்தில் அங்குசத்தைத்தான் எடுப்பார். ஒரு யானை அறுபது எழுபது வருடம் வாழும். ஊதியமும் பாதுகாப்பும் இல்லாததால் அதற்கிடையே பத்துப் பாகன்கள் மாறினால், வர்த்தமானியில் எழுதிய நீராட்டும் மருத்துவமும் யார் கையால் நடக்கும்?

அயல்நாட்டில் இதற்கு வேறு விதமான செய்தி இருக்கிறது. தமிழ்நாட்டு முதுமலை, தெப்பக்காடு முகாமில் தாயிழந்த குட்டிகளை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் 2023இல் ஒஸ்கார் விருது பெற்ற ஆவணப்படத்தால் உலகறிய வந்தார்கள். குட்டிக்குப் பாலூட்டி, கூடப் படுத்து, கண்ணீர் விட்டு வளர்த்தவர் பெள்ளி. அவ்வளவு காலமும் அது ‘மனைவியின் உதவி’யாகத்தான் எண்ணப்பட்டிருக்கும். அவ்வாண்டு ஒகஸ்டில் தமிழ்நாடு அரசு அவரைக் ‘காவடி’, அதாவது யானைப் பாகனின் உதவியாளர் எனும் பதவியில் நியமித்தது. அங்கே அப்பதவிக்கு நியமனம் பெற்ற முதற் பெண் அவரே. அஸ்ஸாமில் பர்பதி பருவா சிறுவயதிலிருந்தே யானை பழக்கியவர். 2024இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ பெற்றார். விருது பெரிதுதான். எனக்குப் பெரிதாகத் தெரிந்தது பெள்ளியின் கையில் கொடுக்கப்பட்ட அந்த நியமனக் கடிதம்.

நமது தலதா மாளிகை வளாகத்தில் ராஜா யானைக்கு ஒரு நூதனசாலை இருக்கிறது. 1986இல் தேசியச் சொத்தாக அறிவிக்கப்பட்டு, 1988இல் இறந்த யானை அது. 2022 மார்ச்சில் நெதுன்கமுவ ராஜா இறந்தபோது அரச மரியாதை கொடுக்கப்பட்டது. இந்த யானைகளின் காலடியில் நடந்தவர்களின் பெயரை அடுத்த முறை அந்த நூதனசாலைக்குப் போகும்போது தேடிப் பாருங்கள்.

அந்தச் சகோதரிக்கு நான் இரண்டு விடயங்களைச் சொன்னேன். உங்களில் யாருக்கேனும் உதவலாம், இங்கேயும் எழுதுகிறேன். வேலையின்போது காயப்பட்டால், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கலாம். இறந்தால் அவரில் தங்கியிருந்த குடும்பத்தார் கேட்கலாம். இரண்டாவது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதம், வேலை கொடுப்பவரிடமிருந்து 12 வீதம். “முதலாளிக்குக் கம்பனி ஒண்ணும் கிடையாதே மிஸ், யானை ஒண்ணுதானே இருக்கு?” என்று கேட்டார். ஒரேயோர் ஆளை வேலைக்கு வைத்திருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். தொழில் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்துக்குப் போகும்போது, எத்தனை வருடம் வேலை, என்ன கூலி, யார் கொடுத்தார் என்பதைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். அவர் அன்றே மகளின் பழைய பாடசாலைக் கொப்பியொன்றை எடுத்து வந்தார். முதல் வரியில் கணவரின் பெயரை எழுதிவிட்டு, தான் அரைத்த மருந்தையும் கட்டிய சாப்பாட்டையும் இதில் எங்கே எழுதுவது என்று கேட்டார். அடுத்த பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தேன்.