விலை நம் கையில் இல்லை. கணக்கு நம் கையில் உண்டு

பால் ஸ்டோரில் நிறுவை நடக்கும்போது நம் தோழர்களின் கண் எங்கே இருக்கும் என்பது கிராணி வேலை பார்க்கும் நமக்கு நன்றாகத் தெரியும். தராசின் மேலேயே இருக்கும். அரைக் கிலோ குறைந்தால், "என்ன ஐயா, நேற்றும் இதே வாளிதானே?" என்று கேட்பார்கள். டி.ஆர்.சி. ஒரு புள்ளி இறங்கினால் மறுபடியும் பார்க்கச் சொல்வார்கள். கேட்க வேண்டியதுதான். விடியுமுன் எழுந்து, நிரையில் நடந்து, மங்கு மங்காகச் சேர்த்த பால் அது.

ஆனால் இதே தோழர் வேலையை விட்டு நிற்கும் நாளில், முப்பது ஆண்டுச் சேமநிதிப் பணத்தை, கைப்பையோடு வாசலுக்கு வந்த ஓர் ஆசாமியிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடுகிறாரே, அது ஏன்? அரைக் கிலோ பாலுக்குக் கணக்குக் கேட்கும் நாவு, ஐம்பதாயிரம் வெள்ளிக்குக் கணக்குக் கேட்க ஏன் எழவில்லை? இதை நாம் மனம் விட்டுப் பேசியாக வேண்டும்.

விலை ஏறுவதும் இறங்குவதும்

முதலில் விலையைப் பார்ப்போம். ரப்பர் விலையை நம் மேனேஜர் தீர்மானிப்பதில்லை. கோலாலம்பூரில் இருப்பவர்களும் தனியாகத் தீர்மானிப்பதில்லை. எங்கோ ஒரு நாட்டில் எத்தனை மோட்டார் வண்டிக்கு டயர் வேண்டும் என்பதில் அது அடங்கியிருக்கிறது. 1930ம் ஆண்டை ஒட்டி உலகமெங்கும் வியாபாரம் படுத்தபோது, அமெரிக்காவில் வண்டி வாங்க ஆளில்லை. அதன் பலன் மலாயாவில் விழுந்தது. இலட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை.

1949ல் ஒரு பவுண்டு ரப்பரின் சராசரி விலை 40 காசைக்கூட எட்டவில்லை. 1950 ஜூனில் கொரியாவில் போர் மூண்டது. அமெரிக்கா ரப்பரை வாங்கிக் குவித்தது. 1951ல் சராசரி விலை 1 வெள்ளி 70 காசை ஒட்டி வந்துவிட்டது. பிறகு அமெரிக்கா குவிப்பதைக் குறைத்தது. செயற்கை ரப்பர் ஆலைகளை முடுக்கிவிட்டது. 1953ல் விலை 70 காசுக்குக் கீழே. இரண்டே ஆண்டில் ஏறிய மலையும் விழுந்த பள்ளமும் அது!

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2011 பிப்ரவரியில் ரப்பர் விலை அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. 2015 முடியுமுன் அது பாதிக்கும் கீழே சரிந்தது. காரணம் நம் தொழிலிலேயே இருக்கிறது. ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு ஆண்டு ஆகும். விலை ஏறிய காலத்தில் தாய்லாந்திலும் வியட்நாமிலும் எல்லோரும் நட்டார்கள். அந்த மரங்களெல்லாம் வெட்டுக்கு வந்தபோது பால் பெருகியது. வாங்குகிற கை பெருகவில்லை. அதோடு பெட்ரோலிய எண்ணெய் விலை இறங்கினால் செயற்கை ரப்பரும் மலிந்துவிடும். ஆகவே விலை உச்சத்தில் இருக்கும்போதே அடுத்த இறக்கத்துக்கான கன்று எங்கோ நடப்படுகிறது என்பதை மறக்கலாகாது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. கை நிறையச் சம்பளம் வந்த மாதத்தை வைத்து ஐந்து ஆண்டுக் கடனில் கையெழுத்துப் போடக்கூடாது. நல்ல மாதம் மிச்சம் பிடிப்பதற்கு வந்த மாதம்.

பத்து வெள்ளியின் கதை

விலை ஆட்டத்தில் கூலி மட்டும் போவதில்லை; சில வேளை வீடே போய்விடும். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, இனி இந்த நாட்டில் நிலைமை எப்படியோ என்று அஞ்சித் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கிய வியாபாரிகள் தோட்டத்தைத் துண்டு போட்டுப் பலருக்கு விற்றார்கள். துண்டு நிலம் வாங்கியவனுக்கு லயமும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம், தமிழ்ப் பள்ளியும் வேண்டாம், பழைய தொழிலாளியும் வேண்டாம். இப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு ரோட்டுக்கு வந்தன. அந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து எழுதி வைத்திருக்கிறார்.

அப்போது மந்திரியாகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் ஒரு யோசனை சொன்னார். தோட்டம் விற்பனைக்கு வந்தால் அதைத் தொழிலாளரே ஏன் வாங்கக்கூடாது? 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளித் தவணையாகக் கட்டலாம். அன்று பால்மரம் வெட்டுகிறவரின் நாள் கூலி ஏறக்குறைய 3 வெள்ளி. மூன்று நாள் உழைப்பை மாதா மாதம் எடுத்து வைத்தார்கள் நம் தாத்தாக்களும் பாட்டிகளும். 1961ல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தோட்டங்கள் சேர்ந்தன. படிப்பில்லாதவன், குடிகாரன், காசை வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று நம்மைச் சொன்னவர்களுக்கு அந்தப் பத்து வெள்ளி பதில் சொல்லிவிட்டது.

அந்தச் சங்கத்தில் ஒரு விசேஷம் உண்டு. கூட்டுறவில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு. நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்கு. மகாசபையில் மரம் வெட்டுகிறவர் எழுந்து நின்று கேட்டால் தலைவர் பதில் சொல்லியாக வேண்டும். பாட்டனாரின் பங்குப் பத்திரம் இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடந்தால், வாரிசுகள் அதை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போய் விசாரிக்க வேண்டும்.

மற்றொரு கதை

இனி மறுபக்கத்தையும் மறைக்காமல் பார்ப்போம். 1980களின் தொடக்கத்தில் ம.இ.கா. மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கியது. சமூகத்தின் பொருளாதாரத்தை உயர்த்துவோம் என்ற முழக்கத்தில் 10 கோடி வெள்ளிக்கு மேல் பங்குப் பணம் சேர்ந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணம் போட்டார்கள். அவர்களில் தோட்டத் தொழிலாளர் திரளாக இருந்தார்கள். நகையை அடகு வைத்தவர்களும் உண்டு. கால் நூற்றாண்டு கழிந்து 2010ல், 1 வெள்ளிப் பங்குக்கு 80 காசு தருகிறோம் என்று ஒரு கம்பெனி முன்வந்தது. அதே 1 வெள்ளி அதே காலம் முழுதும் சேமநிதியில் கிடந்திருந்தால் 4 வெள்ளிக்கு மேல் ஆகியிருக்கும்.

அப்படியானால் கம்பெனி என்றால் கெட்டது, கூட்டுறவு என்றால் நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. 1986ல் பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களின் கதவு அடைபட்டது. கூட்டுறவு என்ற பலகையை நம்பிப் போட்டவர்கள் அன்று வாசலில் நின்று அழுதார்கள்.

பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது நம் பணத்தைக் காக்காது. தலைவர் நம் இனத்தவர், நம் கட்சிக்காரர், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை தந்தவர் என்பதும் காக்காது. கணக்கைக் காட்டு என்று கேட்கும் உறுப்பினர் இருக்கும் இடத்தில்தான் காசு நிற்கும்.

வாசலுக்கு வரும் ஆசாமி

இந்த ஜொகூரில் நம் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். கணவனும் மனைவியும் சேர்ந்து முப்பது ஆண்டுக்கு மேல் மரம் வெட்டியவர்கள். தோட்டத்து வீட்டைக் காலி செய்யும் காலம் நெருங்கியது. கூலாய்ப் பக்கம் ஒரு சிறு வீட்டுக்கு முன்பணம் கட்ட நினைத்தார்கள். அதற்குள் ஒருவர் வந்தார். மாதம் 10 சதவீதம் லாபம் என்றார். முதல் மூன்று மாதம் பணமும் கொடுத்தார். நான்காம் மாதம் ஆளுமில்லை, போனுமில்லை. இன்று அந்த அம்மாள் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவுகிறார். நம்மிடம் வந்து, "கையெழுத்துப் போடும் முன்னே உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஐயா" என்று சொன்னபோது நமக்கு நெஞ்சு அடைத்தது. நாமும்தான் முன்கூட்டிப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாட்டின் மிகப் பெரிய நிதிகளில் ஒன்றான சேமநிதி, நூற்றுக்கணக்கான நிபுணர்களை வைத்துக்கொண்டு 2024ம் ஆண்டுக்கு அறிவித்த ஈவு 6.3 சதவீதம். அதுவும் ஓர் ஆண்டு முழுமைக்கும். கைப்பை ஆசாமி ஒரே மாதத்தில் 10 சதவீதம் எங்கிருந்து கொண்டு வருவார்? பின்னால் வருபவனின் பணத்தை எடுத்து முன்னால் வந்தவனுக்குக் கொடுக்கிறார். புது ஆள் வருவது நின்ற அன்று கடை மூடப்படும்.

கிராணித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மில் சிலர் கமிஷனுக்கு ஆசைப்பட்டு இப்படிப்பட்ட திட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். தொழிலாளி நம்மை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார். அந்த நம்பிக்கையை விற்பவர் எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர்.

நாம் செய்ய வேண்டியது

பணம் கொடுக்குமுன் நான்கு கேள்வி கேட்போம். லாபம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது? யார் உத்தரவு கொடுத்திருக்கிறார்கள்? கணக்கைத் தணிக்கை செய்தவர் யார்? நான் வேண்டும் என்றபோது பணம் திரும்ப வருமா? ஒன்றுக்குப் பதில் தடுமாறினாலும் பையை மூடிக்கொள்வோம். பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகின்றன. பிள்ளைகளைக் கொண்டு கைப்பேசியில் பார்க்கச் சொல்லலாம். பாங்கில் ஏமாற்றுக்காரன் கணக்குக்குப் பணம் போய்விட்டால் உடனே 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

அடுத்தது, நம்முடைய சொந்தக் கணக்கு. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் நம் பங்கு 11 சதவீதம், 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 சதவீதம், 221 வெள்ளி. ஆக மாதம் 408 வெள்ளி நம் பெயரில் சேமநிதியில் ஏற வேண்டும். ஏறியதா என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? 6 சதவீத ஈவில் போட்ட பணம் சுமார் 12 ஆண்டில் இரட்டிக்கும்; 24 ஆண்டில் நான்கு மடங்காகும். எடுக்காமல் விட்டால்தான் இந்தக் கணக்கு. 2024 மே முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஒரு கணக்கு தனியே பிரிக்கப்பட்டிருக்கிறது. எடுக்கலாம் என்பதற்காகவே எடுத்துவிடக் கூடாது. அவசரத்துக்கென்று வைத்திருப்பதைப் பாங்கில் போடலாம். காப்புறுதிக் கழகத்தில் சேர்ந்த பாங்கு ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை பாதுகாப்பு உண்டு.

ஒவ்வொரு தோட்டத்துக் கிளையும் ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. தொழிலாளர்கள் தங்கள் சேமநிதி அறிக்கையைக் கொண்டு வரட்டும். கிராணித் தோழர்கள் உட்கார்ந்து வரி வரியாக வாசித்துக் காட்டட்டும். ஓய்வு பெற ஓராண்டு இருப்பவர்களின் வீட்டுக்கு, கைப்பை ஆசாமி போகுமுன் நம் கிளைச் செயலாளர் போகட்டும்.

குளுவாங்கிலிருந்து சிகாமட் வரை சாலையில் போய்ப் பாருங்கள். நேற்று ரப்பர் நின்ற இடத்தில் இன்று செம்பனை. ஜொகூர் பாருவை நெருங்க நெருங்க நேற்றைய தோட்டம் இன்று வீட்டுமனை. இதைத் தடுக்கும் சக்தி தனி மனிதனுக்கு இல்லை. ஆனால் 3 வெள்ளிக் கூலியில் 10 வெள்ளி மிச்சம் பிடித்துத் தோட்டம் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். தராசைப் பார்த்துக் கேட்ட அதே குரலில் நம் சேமிப்புக்கும் கணக்குக் கேட்போம்!