நம் ஊர் நோயாளிக்குப் பொருந்துமா?

காசநோய் வந்தால் சானடோரியத்தில்தான் கிடக்க வேண்டும் என்று மருத்துவர்கள் நம்பிய காலம் அது. 1956-இல் சென்னையில் 193 ஏழை நோயாளிகளிடம் ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு சாராருக்கு வீட்டில் சிகிச்சை, மற்றவர்களுக்குச் சானடோரியத்தில். 1959-இல் முடிவு வெளியானது: மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலும் ஏறத்தாழ அதே அளவு குணம் கிடைக்கிறது. உடனிருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்தில்லை. இன்று திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடும் ஒருவர் பிள்ளைகளைப் பிரியாமல் காசநோய்க்கு மருந்து சாப்பிட முடிகிறதென்றால், அந்த ஆய்வு திறந்த வழி அது. நம் ஊர் ஏழைகளிடமே சோதித்துப் பெற்ற முடிவு அது. ஆகவே, புதிய ஆய்வு எதுவானாலும் மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: என் முன்னால் வரிசையில் நிற்பவரைப் போன்றவர்கள் அதில் இருந்தார்களா? இல்லையென்றால் மருந்துச்சீட்டில் அவசரம் கூடாது. கரிசல்காட்டு உடம்பிலும் சோதித்துச் சொல்லுங்கள் என்று உரக்கக் கேட்பதும் வைத்தியமே.