வாலிபர் பக்கம்: பட்டப்பகலில் எழுந்த குரல்



நம் வாலிபப் பிள்ளைகளின் பைகளில் பாடப் புத்தகங்களோடு வேறொரு வகைப் புத்தகமும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஆவி, மர்மம், காதல் ஆகிய மூன்றையும் ஒன்றாய்ப் பிசைந்து, வாலிப வயதினருக்கென்றே எழுதப்படும் ஆங்கில நாவல்கள் அவை. 2005-ஆம் ஆண்டில் ஸ்டெஃபனி மேயர் என்ற அமெரிக்கப் பெண்மணியின் 'ட்வைலைட்' வெளிவந்தபின் இவ்வகை நாவல்கள் உலகெங்கும் பரவின. இரத்தம் குடித்து வாழும் இனத்தைச் சேர்ந்த ஒருவன்மேல் பதினேழு வயதுப் பெண் காதல் கொள்வதே அதன் கதை. அந்த நாவல் வரிசை பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுத் திரைப்படமும் ஆயிற்று.

"எல்லாம் மேல்நாட்டுக் குப்பை!" என்று பெற்றோர் அவசரப்பட வேண்டாம். 1990-களில் இந்திரா சௌந்தர்ராஜனின் 'மர்மதேசம்' தொலைக்காட்சியில் வந்த நாட்களில், வேலைகளை ஒதுக்கிவிட்டு அதன்முன் அமர்ந்தவர்கள் யார்? இன்றைய பெற்றோர்தாமே! மராத்தியரும் நாராயண் தாரப்பின் திகில் கதைகளை விரும்பிப் படித்தவர்களே. இருட்டில் என்ன இருக்கிறது என்று அறியும் ஆவல் மனிதனுக்குப் பழையது. அந்த ஆவல் நம் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதே கேள்வி.

இதற்கு நம் புனே நகரமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. சனிவார் வாடாவைக் காணாத புனே தமிழர் அரிது. 1730-இல் முதலாம் பாஜிராவ் கட்டத் தொடங்கிய அந்த அரண்மனை 1828-இல் தீக்கிரையாயிற்று. இன்று எஞ்சியிருப்பவை மதிலும் வாசல்களும் அஸ்திவாரங்களுமே. பௌர்ணமி இரவுகளில் அங்கே, "காகா, மலா வாச்வா!" என்று ஒரு இளைஞனின் குரல் கேட்கும் என்பார்கள். 'சித்தப்பா, என்னைக் காப்பாற்றும்' என்பது பொருள். நாவலுக்கு வேண்டிய யாவும் அங்கே உண்டு: பாழடைந்த கோட்டை, நிலவு, இளவயது, அலறல்.

ஆனால் நடந்தது என்ன? தமையன் மாதவராவ் 1772-இல் நோயால் மரித்தபின் நாராயணராவ் பேஷ்வா ஆனார். அரண்மனைக்குள் காவலில் வைக்கப்பட்டிருந்த சித்தப்பா ரகுநாதராவுக்கு அந்தப் பதவியின்மேல் ஆசை. 1773 ஆகஸ்டு 30 அன்று, சம்பள பாக்கி கேட்டுக் கலகம் செய்த கார்தி வீரர்கள் உள்ளே நுழைந்தார்கள். நாராயணராவ் ஓடிச்சென்று சித்தப்பாவைக் கட்டிக்கொண்டார். அந்த அணைப்பிலிருந்தே இழுத்து அவரை வெட்டினார்கள். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. 'பிடிக்க' என்று எழுதியிருந்த கட்டளையில் ஓர் எழுத்தை மாற்றி 'கொல்ல' என்று ஆக்கியவர் ரகுநாதராவின் மனைவி ஆனந்திபாய் என்பது இன்றளவும் வழங்கிவரும் செய்தி.

வாசகரே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கொலை பௌர்ணமி இரவில் நடக்கவில்லை. மதிய உணவுக்குப் பின் இளைப்பாறும் வேளையில், பட்டப்பகலில் நடந்தது. அதைச் செய்தவர்கள் பேய்கள் அல்லர், மனிதர்கள். கூப்பிட்ட குரலைக் கேட்டவரும் சொந்தச் சித்தப்பாவே.

ஆவிக்கதை விட்டுவிட்ட வேறு இருவரும் உண்டு. ஒருவர் ராம் சாஸ்திரி பிரபுணே என்னும் நியாயாதிபதி. அவர் விசாரணை செய்து, ஆட்சியில் அமர்ந்துவிட்ட ரகுநாதராவையே குற்றவாளி என்று முகத்துக்கு நேரே கூறிவிட்டு, புனேயை விட்டு வெளியேறினார். தாவீதின் முன் நின்ற நாத்தானை இது நினைப்பூட்டவில்லையா? மற்றவர் கங்காபாய். கணவன் கொலையுண்டபோது கர்ப்பவதியாயிருந்த அந்த இளம் விதவை, 1774 ஏப்ரல் 18 அன்று புரந்தர் கோட்டையில் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றாள். குரல் கேட்கும் என்று நள்ளிரவில் காத்திருப்போரில் எத்தனை பேருக்கு அவள் பெயர் தெரியும்?

மரித்தவனின் குரலைத் தேடி ஓடுகிறோம். உயிரோடிருந்தவளின் கண்ணீரை மறந்துபோகிறோம். ஆவிக்கதை செய்யும் பெரிய தீங்கு இதுவே.

காதலிலும் இதே மயக்கம் உண்டு. 'ட்வைலைட்' நாயகன் தோற்றத்தில் பதினேழு. உண்மையில் நூறு வயதைத் தாண்டியவன். இரவில் அந்தப் பெண்ணின் அறைக்குள் அவள் அறியாமல் புகுந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதை அறிந்தபோது அவள் மகிழ்ந்துபோகிறாள். நம் குடியிருப்பில் ஒரு வாலிபன் இப்படிச் செய்தால் அதற்கு என்ன பெயர்? கதையில் அவனுக்கு அழகிய முகம் இருப்பதால் அச்செயல் அன்பாகிவிடுமா? பின்தொடர்தலும் வேவு பார்த்தலும் அன்பு அல்ல என்று நம் பெண்பிள்ளைகளுக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

ஆயின் இங்கே நமக்கு ஒரு சங்கடம் உண்டு. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். தாய்மார் பலர் தமிழ் மட்டுமே வாசிப்பர். ஒரே வீட்டில் இருந்தும் மகள் வாசிக்கும் பக்கத்தைத் தாயால் வாசிக்க முடிவதில்லை. பயத்தினால் புத்தகத்தைப் பிடுங்குகிறோம். பிடுங்கிய புத்தகம் கைப்பேசிக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. அதோடு பேச்சும் நின்றுவிடுகிறது.

எபேசு பட்டணத்தில் மாயவித்தைப் புத்தகங்கள் எரிக்கப்பட்டதை அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவற்றின் விலை ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. அங்கே ஒருவரும் அடுத்தவர் கையிலிருந்து பிடுங்கவில்லை. உணர்வடைந்தவர்கள் தங்கள் புத்தகங்களைத் தாங்களே கொண்டுவந்தார்கள். உணர்வு உள்ளே பிறக்கவேண்டும்.

ஆகையால் ஒன்று செய்யுங்கள். இரவு உணவுக்குப் பின் மகளை அருகில் அழைத்து, "அந்தக் கதையை எனக்குத் தமிழில் சொல்லம்மா" என்று கேளுங்கள். இடையில் கண்டிக்காதேயுங்கள். கதை முடிந்ததும், "அவன் செய்தது உனக்குச் சரியாய்ப் படுகிறதா? அவளுக்கு ஆபத்து வந்தபோது வீட்டில் யாரிடம் சொன்னாள்? ஏன் சொல்லவில்லை?" என்று கேளுங்கள். அவளுக்குத் தமிழும் வளரும். உங்களுக்கு அவள் உள்ளமும் தெரியவரும்.

ஆவிகளைப் பற்றி வேதம் மௌனமாயில்லை. மரித்தவரிடம் ஆலோசனை கேட்கச் சவுல் எந்தோருக்குப் போனதும், அவன் முடிவும் நமக்கு எச்சரிப்பு. உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டு சீஷர்கள் ஆவியென்று கலங்கியபோதோ, அவர் தம் கைகால்களைக் காட்டி, அவர்களிடம் உணவு வாங்கி, அவர்கள் கண்முன்னே புசித்தார். பயத்தை வளர்க்கவில்லை, தீர்த்துவைத்தார்.

சனிவார் வாடாவின் அலறல் கட்டுக்கதையாயிருக்கலாம். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளை ஆபத்தில் சொந்த உறவினரைக் கூப்பிட்டது மெய். அப்படிக் கூப்பிடும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் மூடிய கதவுக்குப் பின்னால், விரித்த நாவலுக்குப் பின்னால், மெல்லிய குரலில் கூப்பிடுகிறார்கள். பெரியவர்களே, அது நம் காதில் விழுகிறதா?

கேட்கிற செவியைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக.