அத்தைக்குக் கேட்ட வசனம்

போன இதழில் ஊறுகாய் ஜாடியைப் பற்றி எழுதியவள், இந்த இதழில் ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றி எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைக்காதீர்கள். கூடத்தில் எந்தச் சாமான் வந்து இறங்கினாலும் அதைத் துடைப்பதும் அதோடு குடித்தனம் செய்வதும் நாம்தானே! வாங்கும்போது மட்டும் நாம் ஏன் அடுக்களையில் இருக்க வேண்டும்?

எங்கள் வீட்டில் ஞாயிறு இராத்திரி எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது வழக்கம். என் மாமியாருக்கு 78 வயது. சினிமா என்றால் உயிர். கொஞ்ச நாளாகப் படம் ஆரம்பித்த பத்தாவது நிமிஷமே, "எனக்குக் கண்ணைச் சொக்குதும்மா, நீங்க பாருங்க" என்று எழுந்து போய்விடுவார். வயசாகிவிட்டது என்றுதான் நானும் இருந்தேன். ஒரு நாள் பால் கொடுக்கப் போனால், இருட்டில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். தூங்கவில்லை.

"என்ன அத்தை?" என்றேன்.

"அவங்க பேசறது ஒண்ணும் புரியலை. ஒவ்வொண்ணுக்கும் 'என்ன சொன்னான்'னு கேட்டா குழந்தைங்களுக்குச் சலிப்பா இருக்காதா?" என்றார்.

எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது.

விஷயத்தைச் சொன்னதும் என் பிள்ளை, "7.1 ஹோம் தியேட்டர் வாங்கிடலாம்மா" என்று குதித்தான். கடைக்குப் போனோம். விற்பனைப் பையன் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டான். நாற்காலியே அதிர்ந்தது. அப்பாவும் பிள்ளையும் சொக்கிப் போனார்கள். நான், "தம்பி, சண்டை போதும். ரெண்டு பேர் மெதுவாப் பேசற இடம் ஒண்ணு போடுப்பா" என்றேன். போட்டான். பின்னணி இசை பேச்சை விழுங்கிவிட்டது. சத்தத்தைக் கூட்டினால் இசையும் சேர்ந்து கூடியது. அப்புறம் அவன் நடு ஸ்பீக்கரை மட்டும் கொஞ்சம் கூட்டினான். பளிச்சென்று பேச்சு கேட்டது!

அன்றைக்குத்தான் கணக்கு புரிந்தது. 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஸப்-ஊஃபர். முன்னால் இடது, வலது, நடு. பக்கவாட்டில் சற்றே பின்தள்ளி இரண்டு. 7.1 என்றால் முதுகுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. படத்தின் வசனம் பெரும்பாலும் வருவது நடு ஸ்பீக்கரில். மழை, கூட்டம், வண்டிச் சத்தம் எல்லாம் பக்கத்து ஸ்பீக்கர்களில். ஸப்-ஊஃபருக்கு இடி மாதிரிக் கனத்த ஓசைகள். வயதானவர்களுக்கு முதலில் மங்குவது மெல்லிய, உச்ச ஒலிகள். 'ச', 'த' போன்ற எழுத்துகள் காதில் நிற்பதில்லை. அதனால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. மொத்தச் சத்தத்தைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது.

எங்கள் கூடம் 10 அடிக்கு 14 அடி. ஸோபா பின்சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். பின்னால் இடமே இல்லாதபோது 7.1 எதற்கு? 5.1 வாங்கினோம். இன்னும் சிறிய கூடமாக இருந்தால், நடு ஸ்பீக்கர் தனியாக உள்ள 3.1 சவுண்ட் பார் போதும்.

வாங்கி வந்ததும் நானே ஒரு தப்புச் செய்தேன். அழகாக இருக்கட்டும் என்று நடு ஸ்பீக்கரை ஷோகேஸின் கீழ்த்தட்டில், கண்ணாடிக் கதவுக்குள் வைத்தேன். பானைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது! நீங்கள் கவனிக்க வேண்டியவை:

நடு ஸ்பீக்கர் டி.வி.க்கு நேர் கீழேயோ மேலேயோ, தட்டின் விளிம்பு வரை முன்னால் இழுத்து, நம் காதை நோக்கிச் சற்றே சாய்ந்து இருக்கட்டும்.

பக்கத்து ஸ்பீக்கர்கள் உட்கார்ந்திருப்பவர் காதுக்குக் கொஞ்சம் உயரத்தில் சுவரில் இருப்பது நல்லது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் ஸ்டாண்டு வேண்டாம். பிடித்து இழுத்தால் மேலே சாயும். ஒயர்களைச் சுவரோரமாகக் கேஸிங்குக்குள் விடுங்கள்.

ஸப்-ஊஃபரை மூலையில் திணித்தால் 'கும்'மென்று இரைச்சல் கூடும். மாடி வீடு என்றால் கீழ் வீட்டுக்காரர் தலையில் இடிக்கும். அந்தப் பெட்டியில் காற்றுப் போக ஓட்டை இருக்கும். குழந்தை அதில் ஸ்பூனும் பொம்மையும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்றால் எதிரொலிக்கும். ஒரு ஜமக்காளமும் கனமான திரைச்சீலையும் பேச்சைத் தெளிவாக்கும்.

பல கருவிகளில் 'நைட் மோட்' என்று ஒன்று உண்டு. திடீர்ச் சத்தத்தை அடக்கி, மெல்லிய பேச்சைத் தூக்கிக் கொடுக்கும். தொட்டிலில் குழந்தை தூங்கும் வீட்டில் இது வரப்பிரசாதம்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. காதில் மாட்டிக் கேட்கும் கருவிகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75. மூன்று டெசிபல் கூடினால் கேட்கலாகும் நேரம் பாதியாகிவிடும். கூடத்துக்கும் இதையே மனதில் வைத்துக்கொள்ளலாம். படம் ஓடும்போது பக்கத்திலிருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், சத்தம் அதிகம் என்று அர்த்தம்.

ஸ்பீக்கர் வந்துவிட்டது, எல்லாம் சரியாயிற்று என்று நான் விட்டுவிடவில்லை. அத்தையைக் காது டாக்டரிடம் அழைத்துப் போய்ப் பரிசோதித்தோம். இரண்டு காதிலும் வயதினால் வந்த குறை. "காதுல மிஷினா? எனக்கா?" என்று முதலில் முரண்டு பிடித்தார். இப்போது காலையில் கண்ணாடியோடு அதையும் தேடுகிறார். நடு ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டியே வைத்திருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய சிரிப்புப் படம். திடீரென்று ஒரு சிரிப்பு. எங்கள் எல்லோருக்கும் முன்னால் சிரித்தவர் அத்தைதான். முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த பேரன் திரும்பி, "என்ன சொன்னான் பாட்டி?" என்று கேட்டான்.

அத்தை நிதானமாக அவனுக்கு வசனத்தைச் சொல்லிக் கொடுத்தார்.