கவிச்சி ஊரில் ஒரு பிடி சைவச் சோறு



பாசிர் கூடாங் உழைப்பாளிகளின் ஊர். 1977ஆம் ஆண்டில் இங்கு ஜொகூர் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அதைச் சுற்றிச் செம்பனை எண்ணெய் ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் எழுந்தன. 2020ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் மாநகர்த் தகுதியும் கிடைத்தது. இரவும் பகலும் முறை மாற்றி வேலை செய்வோர் வாழும் ஊரில், விரைவாக வயிற்றை நிரப்பும் கடைகளே பெருகும். கோழிப் பொரியல், மீன்தலைக் கறி, சாத்தே, மாசாயை அடுத்த கோங் கோங்கின் கடலுணவு என்று பட்டியல் நீளும். இதில் குறை சொல்ல எதுவுமில்லை. அவரவர் உணவு அவரவர் உரிமை.

ஆனால், கவிச்சி உண்ணாதவர் இவ்வூரில் என்ன செய்வது? "இங்கே சைவமே கிடைக்காது" என்று பலர் அலுத்துக் கொள்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. இங்குச் சைவ உணவுக்குப் பஞ்சமில்லை. எது சைவம் என்னும் தெளிவுக்குத்தான் பஞ்சம்!

எண்ணிப் பாருங்கள். கங்கோங் கீரைதானே என்று வாங்கினால் அதில் பெலாச்சான் இருக்கும். நாசி லெமாக் சம்பாலில் நெத்திலி இருக்கும். லொந்தோங் குழம்பில் உலர்ந்த இறால் கலந்திருக்கலாம். சீனர் கடைக் கீரைப் பிரட்டலில் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்பு கேட்டால், மேலே ஒரு கரண்டி மீன் குழம்பும் சேர்ந்தே வந்து விழும்! "டாகிங் வேண்டாம்" என்று சொன்னாலும் பயனில்லை. பேச்சு வழக்கில் அச்சொல் மாட்டிறைச்சியையே குறிப்பதால், கோழியைப் போட்டுத் தந்துவிடுவார்கள். கடைக்காரர் ஏமாற்றவில்லை, சொல் ஏமாற்றுகிறது. ஆகவே ஆயாம், ஈக்கான், ஊடாங், பெலாச்சான், தெலோர் என்று வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பதே நலம்.

பொட்டலங்களில் உள்ள ஹலால் முத்திரையும் இதற்கு உதவாது. அது வேறு நெறியைக் காப்பது. சைவத்திற்குச் சான்று அன்று. இந்தியாவில் பொட்டல உணவுகளுக்குப் பச்சைப் புள்ளி கட்டாயம். நம் நாட்டில் அத்தகைய கட்டாயக் குறி இல்லை. எனவே சேர்பொருள் பட்டியலைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வகையில் சீன பௌத்தர்களின் சைவ உணவகங்களை நான் பாராட்டுவேன். அவற்றின் அடுப்படிக்குள் இறைச்சியே நுழைவதில்லை. பூண்டும் வெங்காயமும்கூடப் பல கடைகளில் இல்லை. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்குக் கூட்டம் அலைமோதும். ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள்களில் நடைபெறும் ஒன்பது பேரரசர் திருவிழாவின்போது, ஒட்டுக்கடைகளிலும் மஞ்சள் கொடி பறக்கும். நம் புரட்டாசி விரதத்தையும் நவராத்திரியையும் ஒட்டியே அதுவும் வரும். அங்கு 'கோழி', 'மீன்' என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் சோயாவும் கோதுமைப் புரதமுமே. சிலவற்றில் முட்டையோ பாலோ சேர்வதுண்டு; அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மவர் கடைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947ஆம் ஆண்டு முதல் முழுச் சைவமாகவே நடைபெறுகிறது. 'புலால் மறுத்தல்' என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் வழிவந்தவர்கள் நாம். எனினும் நம் வாழையிலைக் கடைகள் பலவற்றில் ஒரே கரண்டி ஆட்டுக் கறியிலும் மூழ்கும், சாம்பாரிலும் மூழ்கும்! தனிக் கரண்டிக்கு எத்தனை வெள்ளி செலவாகிவிடும்?

இயற்கை உணவுக்கும் இதே கதைதான். அதற்கென உள்ள கடைகளில் விலை, தொழிலாளர் குடும்பங்களுக்கு எட்டுவதில்லை. ஆனால் மலாய்க்காரர்கள் 'உலாம்' என்று பச்சையாக உண்ணும் பெகாகா நம் வல்லாரைதான். காச்சாங் போத்தோல் என்பது சிறகவரை. தெம்பே என்பது சாவகத்தார் தந்த புளித்த சோயா. மலிவானது, புரதம் மிக்கது. இவை இரவுச் சந்தையிலேயே கிடைக்கின்றன. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்தக் கேழ்வரகும் கம்பும் நம் மளிகைக் கடைகளில் உள்ளன. ஒன்றை மறக்க வேண்டாம்: பாலையும் முட்டையையும்கூடத் தவிர்ப்பவர்களுக்குப் பி12 உயிர்ச்சத்து தாவர உணவிலிருந்து போதிய அளவு கிட்டாது. மருத்துவரிடம் கேட்பது நன்று.

ஆசிரியர் என்ற முறையில் எனக்கு மிகுந்த கவலை தருவது பள்ளிச் சிற்றுண்டிச்சாலைதான். வசதி குறைந்த மாணவர்களுக்காகக் கூடுதல் உணவுத் திட்டம் 1979ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. அது அருமையான திட்டம். ஆனால் சைவக் குடும்பத்துப் பிள்ளை கோழித் துண்டை ஒதுக்கிவிட்டால் தட்டில் மிஞ்சுவது என்ன? வெறும் சோறும் வெள்ளரித் துண்டும். எந்தப் பிள்ளைக்குப் புரதம் வேண்டுமென்று திட்டம் வந்ததோ, அந்தப் பிள்ளையே அதை இழக்கிறது. கோழிக்கு மாற்றாகத் தெம்பேயோ தௌஹூவோ கொண்டைக்கடலையோ வைத்தால் செலவு கூடப்போவதில்லை. இதைக் கேட்க வேண்டியவர்கள் யார்? பெற்றோர்களாகிய நீங்களும் ஆசிரியர்களாகிய நாங்களும்தாம்!

சைவ அன்பர்களுக்கும் ஒரு சொல். கேட்பது வேறு, இழித்துரைப்பது வேறு. தோழனின் உணவுப் பெட்டியைப் பார்த்து மூக்கைப் பொத்தும் பிள்ளை, வீட்டில் பெரியவர்கள் செய்ததையே செய்கிறது. உயிரிரக்கத்தால் புலாலை விட்டவர்கள், உடனிருக்கும் மனிதர் மனத்தைப் புண்படுத்தலாமா?

உணவகம் நடத்தும் அன்பர்களே, சைவத்திற்குத் தனிக் கரண்டி வையுங்கள். குழம்பில் என்ன கலந்திருக்கிறது என்று ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். மற்றவர்கள், கூச்சமின்றிக் கேளுங்கள். பலர் கேட்டால்தான் சட்டியும் கரண்டியும் மாறும்.