கேம்பல் பேவுக்கு ஒரு வால்வ் லிஃப்டர்

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பே ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான கடல் தூரம். கார் நிக்கோபார், கமோர்ட்டா என்று நின்று நின்று போகும் கப்பலை நம்பித்தான் அங்கே சாமான்கள் வந்து சேர வேண்டும். கடல் சீறினால் அந்தக் கப்பலும் தள்ளிப்போகும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு படகு இன்ஜினிலோ, ஜெனரேட்டரிலோ, பழைய புல்லட்டிலோ விரல் நீளம்கூட இல்லாத ஒரு வால்வ் ஸ்பிரிங் உடைந்தால் என்ன ஆகும்? ஸ்பிரிங்கின் விலை பெரிதல்ல. அதை மாற்றும் கருவியும் கையும் பக்கத்தில் இல்லையென்றால், மொத்த இன்ஜினையும் கப்பலேற்றுவதில் போய் முடியும். அதுவரை படகு கரையில்தான் கிடக்கும்.

அந்த வேலையை வீட்டு முற்றத்திலேயே, பெரிய ஆபத்து இல்லாமல் முடிக்கலாம். அதற்கு வேண்டிய கருவிக்குப் பெயர் வால்வ் ஸ்பிரிங் கம்ப்ரஸர், ஐ.டி.ஐ. வகுப்பறையிலும் பட்டறையிலும் வால்வ் லிஃப்டர். எளிய வகை சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. சென்னை புதுப்பேட்டை உதிரி பாகக் கடைகளில் கேட்ட உடனே எடுத்துத் தருவார்கள். புதுப்பேட்டை இல்லாத ஊர்களுக்கு இதைப் பொதுச் சொத்தாக வாங்கி வைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்று இப்போதே கேட்டாக வேண்டும்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. கேம் அமுக்கித் திறக்கும். மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. ஒரு மணி நேரத்தில் 90,000 முறை. ஸ்பிரிங் தளர்ந்தால் வால்வ் நேரத்துக்கு உட்காராது. அமுக்கம் கசியும், வேகமெடுக்கும்போது இழுவை குறையும். உடைந்தே போனால் வால்வ் சிலிண்டருக்குள் இறங்கி பிஸ்டனில் மோதவும் கூடும். அதனால்தான் பழைய புல்லட்டில் ஒரு வால்வுக்கு உள்ளும் வெளியுமாக இரண்டு ஸ்பிரிங் வைத்தார்கள். ஒன்று போனாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் பெரும்பாலும் முறிவது மேற்பரப்பில் உள்ள ஒரு நுண்ணிய கீறலிலிருந்தோ துருப்புள்ளியிலிருந்தோதான். ஆண்டில் இரண்டு பருவமழை, சுற்றிலும் உப்புக் காற்று, மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் இன்ஜின், எண்ணெய் வடிந்து காய்ந்துபோன சிலிண்டர் ஹெட்: துரு பிடிக்க இதைவிடத் தோதான சூழல் வேண்டாம்.

இன்றைய கேம்பல் பே 1969இல் முன்னாள் இராணுவத்தினரின் குடும்பங்களைக் குடியேற்றியதிலிருந்து வளர்ந்தது. பஞ்சாபிகளோடும் மராத்தியர்களோடும் தமிழர்களும் வந்தார்கள். கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், காந்தி நகர் என்று காட்டைத் திருத்தி ஊர் அமைத்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி கரையோரக் குடியிருப்புகளையும் சாலையையும் அடித்துச் சென்றது. தீவின் தென்கோடியான இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. வெளியுலகிலிருந்து துண்டிக்கப்படும்போது கையிலிருக்கும் இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்பதே உயிர்ப் பிரச்சினை ஆகிவிடும் என்பதை அந்த மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு பெரிய அனுபவமும் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடைக்கவில்லை. உதிரி பாகங்களும் வரவில்லை. ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், ஏ40 சோமர்செட், மொரிஸ் மைனர் என்று ஐம்பது, அறுபதுகளின் கார்களைச் சில துளி பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் சரியாக எரியாது. வால்விலும் பிஸ்டன் தலையிலும் கரி படியும். அடிக்கடி ஹெட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை அமுக்கி, வால்வை எடுத்துத் தேய்த்து மீண்டும் பூட்டுவது தவிர வேறு வழியில்லை. அந்த ஆஸ்டின்களில் மேல்மூடியைத் திறந்தாலே ராக்கரும் ஸ்பிரிங்கும் கண்ணெதிரே நிற்கும். திறந்து பார்க்கத் தக்கதாகச் செய்யப்பட்ட எந்திரமும், திறந்து பார்க்கத் துணிந்த மெக்கானிக்குகளும் சேர்ந்துதான் ஒரு குடாநாட்டின் போக்குவரத்தைக் காப்பாற்றினார்கள். அது வெறும் சாமர்த்தியம் என்று கடந்துபோவது அநியாயம். அந்தக் கைத்திறனை முறையாகப் பதிவு செய்து ஐ.டி.ஐ.களில் பாடமாக வைத்திருக்க வேண்டும்.

வேலை எப்படி நடக்கிறது? ஒற்றை சிலிண்டர் இன்ஜின் என்றால் ஹெட்டைக் கழற்றி மேசையில் வைத்துச் செய்வதே நல்லது. ஆங்கில ‘சி’ எழுத்து வடிவிலுள்ள லிஃப்டரின் ஒரு முனை வால்வின் தட்டையான முகத்தைத் தாங்கும், மறுமுனை ஸ்பிரிங்கின் மேல் தட்டை அமுக்கும். அமுக்குவதற்கு முன் அந்தத் தட்டின் மேல் ஒரு குழாய்த் துண்டை வைத்து மரச் சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டும். பல ஆண்டு இறுகிப்போன வால்வ் லாக் அப்போதுதான் விடும். இரண்டு அரைவட்டத் துண்டுகளான அந்த லாக்கைக் காந்தத்தால் எடுத்துவிட்டு லிஃப்டரை மெல்லத் தளர்த்தினால் ஸ்பிரிங் வெளியே வரும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் நிறுத்தி வெர்னியரில் உயரம் அளக்கலாம். குட்டையாகிப்போன ஸ்பிரிங் அங்கேயே தன் களைப்பைக் காட்டிவிடும். சுருள்கள் ஒரு பக்கம் நெருக்கமாக இருக்கும் வகை என்றால் நெருக்கமான பக்கம் ஹெட்டை ஒட்டி உட்கார வேண்டும். பூட்டும்போது லாக்கின் உட்புறம் கொஞ்சம் கிரீஸ் தடவினால் அது வால்வ் தண்டில் ஒட்டிக்கொண்டு நழுவாமல் நிற்கும்.

ஹெட்டைக் கழற்றாமலும் செய்யலாம். பெட்ரோல் இன்ஜினில் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிப் பிடிப்பது பட்டறை வழக்கம். காற்று எந்திரம் இல்லாத இடத்தில் நைலான் கயிறு போதும். பிஸ்டன் பாதி தாழ்ந்திருக்கும்போது கயிற்றை உள்ளே திணித்து, முனையை வெளியே விட்டு, இன்ஜினைக் கையால் சுற்றினால் கயிறு வால்வுகளை அடியிலிருந்து நெட்டித் தாங்கும். மின்சாரமே வேண்டாத இந்த முறை கயிறில்லாத வீடே இருக்காத மீனவர் ஊருக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. முடித்த பின் டேப்பெட் இடைவெளியை ஃபீலர் கேஜால் சரிசெய்து, ஸ்டார்ட் செய்யும் முன் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்வது ஆபத்து என்பார்கள். கருவி இல்லாமல் செய்வதுதான் ஆபத்து. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியும், இரண்டு பேர் ஸ்பானரால் அழுத்தியும் ஸ்பிரிங்கைக் கழற்றுவது இன்றும் பல இடங்களில் நடக்கிறது. சிறிய இன்ஜினின் ஸ்பிரிங்கே இருபது முப்பது கிலோ விசையைத் தேக்கி வைத்திருக்கும். நழுவினால் லாக் துண்டு நேரே கண்ணுக்குத்தான் பாயும். நல்ல லிஃப்டரும் பாதுகாப்புக் கண்ணாடியும் இருந்தால் அந்த ஆபத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். இரட்டைக் கேம், சிலிண்டருக்கு நான்கு வால்வ், டைமிங் செயின் உள்ள புதுக் கார்கள் வேறு கதை. அவற்றை வீட்டில் தொடச் சொல்வது பொறுப்பாகாது.

பெரிய கம்பெனியின் பட்டறை என்றால் தவறே நடக்காது என்ற நம்பிக்கையும் முழு உண்மையல்ல. 2018 நவம்பரில் சுபாரு நிறுவனம் வால்வ் ஸ்பிரிங் முறியக்கூடும் என்று உலகெங்கும் ஏறத்தாழ நான்கு லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருக்கும் அந்த இன்ஜினில் ஸ்பிரிங்கை மாற்ற இன்ஜினையே வெளியே தூக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்துபோன சில கார்களில் இன்ஜின் மீண்டும் பழுதானபோது, பூட்டுகையில் அளவுக்கு மீறிப் பூசிய சீலன்ட் மீது சந்தேகம் விழுந்தது. கவனமும் எளிதாக எட்டும் வடிவமைப்பும் இல்லாவிட்டால் எந்தப் பட்டறையும் தடுமாறும்.

பழுது பார்க்கும் உரிமை என்பது இந்தியாவில் புதிய கோரிக்கையல்ல. 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களோடு பழுதுபார்ப்புக் கையேடுகளையும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2022 ஜூலையில் நுகர்வோர் துறை இந்த உரிமைக்காக ஒரு குழு அமைத்தது; அந்த டிசம்பரிலேயே அதற்கான இணையதளமும் வந்தது. வாகனங்களும் விவசாயக் கருவிகளும் அதன் பட்டியலில் உண்டு. நல்ல தொடக்கம். ஆனால் கையேட்டை இணையத்தில் ஏற்றிவிட்டால் கேம்பல் பே மீனவருக்கு ஸ்பிரிங் வந்துவிடாது. அங்கே உரிமை என்றால் கையில் பிடிக்கிற ஒரு பொருளாக இருக்க வேண்டும்.

கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம் என்று பல்லாயிரம் கோடித் திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது. அதன் நன்மை தீமை பற்றிய வாதம் நீளட்டும். இப்போது அங்கே வாழ்கிறவர்களின் இன்ஜினுக்கு வேண்டியதோ ஒரு இரும்புப் பெட்டி: இரண்டு வகை லிஃப்டர், வெர்னியர், ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச், பாதுகாப்புக் கண்ணாடி, தீவில் ஓடும் இன்ஜின் வகைகளுக்கு உரிய ஸ்பிரிங், லாக், ஆயில் சீல். எந்தப் படகில் எந்த இன்ஜின் என்பதை மீன்வளத் துறை கணக்கெடுத்து வைத்தால், எதை எத்தனை வாங்குவது என்பதில் குழப்பம் வராது. பெட்டி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கட்டும். வேண்டியவர் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போய் வேலை முடிந்ததும் திருப்பித் தரட்டும். ஐ.டி.ஐ.யின் டீசல் மெக்கானிக் படிப்பில் சிலிண்டர் ஹெட் வேலை பாடமாகவே இருக்கிறது. அதைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஒரு வாரம் தங்கிக் கற்றுக்கொடுத்தால் போதும். தென்மேற்குப் பருவமழை நிக்கோபாரைத் தொடுவது மே மூன்றாவது வாரத்தையொட்டி. பெட்டியும் ஆசிரியரும் ஏப்ரல் கப்பலிலேயே வந்து இறங்கியிருக்க வேண்டும்.